காது இருக்கட்டும், முள்ளும் ஆடட்டும்

நம்ம பக்கத்தில் ஒருத்தர் பழைய ஜீப்புக்கு எஞ்சின் மாத்தி இறக்கிட்டார்னா, தெருவே வந்து மூணு கேள்வி கேட்கும். "மைலேஜ் என்ன குடுக்கு?" "லோடு இழுக்கா?" "புகை தள்ளுதா?" மூணும் நல்ல கேள்விகள்தான். நாலாவதாக நான் ஒண்ணு கேட்பேன்: "ஆர்.பி.எம். முள் ஆடுதா?" அதுக்குப் பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதில். "அது எதுக்கு அண்ணாச்சி, அழகுக்கா?"

அழகுக்கு இல்லை. வேற வண்டிக்காகச் செய்த டீசல் எஞ்சினைத் தூக்கி இன்னொரு வண்டியில் உட்கார வைத்தால், எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். முடியவில்லை. முள் சரியான எண்ணைக் காட்டுகிற வரைக்கும் அது பாதி வேலைதான். இதுதான் என் கட்சி. ஏன்னு சொல்லுதேன்.

நகரத்தில் இருக்கிறவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். உங்க காரில் வேகம் காட்டுகிற மீட்டருக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்ட இன்னொரு மீட்டர் இருக்கும். அதுதான் ஆர்.பி.எம். மீட்டர். எஞ்சினின் கிராங்க் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும். முள் 2-ல் நின்றால் 2000 சுற்று. நீங்க அதைப் பார்த்தே பல மாசம் ஆகியிருக்கும். தப்பே இல்லை. இன்றைய காரில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. நீங்க கண்ணை மூடிக்கிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும், எல்லை வந்ததும் அது டீசலை நிறுத்திவிடும். காவலுக்கு ஆள் இருக்கிறதால உங்களுக்கு அந்த முள் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

எங்க ஊர் ஜீப்பில் அந்தப் பெட்டி கிடையாது. காவலுக்கு இருக்கிறது டீசல் பம்புக்குள்ளே ஒரு கவர்னர், அதன் மேல் ஒரு ஸ்க்ரூ, அவ்வளவுதான். அந்த ஸ்க்ரூவை யார் எப்போது திருப்பினார் என்பது அந்தக் குற்றாலநாதருக்கே வெளிச்சம். முள் அதிகம் தேவையில்லாத வண்டியில் முள் இருக்கிறது. உயிர்போகிற அவசியம் இருக்கிற வண்டியில் இல்லை. வேடிக்கையா இல்லையா?

இந்த எஞ்சின் மாத்துற பழக்கம் எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். மேக்கரை, வடகரை, கண்ணுப்புளிமெட்டு, புளியரை என்று மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கிறவர்களுக்கு ஜீப் இல்லாமல் வேலை ஓடாது. மழைக்காலத்தில் தோப்புப் பாதையில் சின்ன டெம்போ புதைந்துவிடும். தேங்காய், உரமூட்டை, ஆட்கள், சில நேரம் பிரசவத்துக்குப் போகிற பெண் எல்லாம் ஏறுகிற வண்டி அது. அந்தக் காலத்து மஹிந்திரா சி.ஜே.3பி ஜீப்பில் வில்லிஸ் ஹரிக்கேன் என்கிற பெட்ரோல் எஞ்சின் இருந்தது. சுமார் 2200 சி.சி. நல்ல எஞ்சின். ஆனால் அது குடிக்கிற பெட்ரோலுக்குத் தோப்பையே எழுதிக் கொடுக்கணும்.

டீசல் அப்போது பெட்ரோலைவிட ரொம்ப மலிவு. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். டீசலுக்கு 2014 அக்டோபர் வரை கட்டுப்பாடு தொடர்ந்தது. இடைப்பட்ட அந்த நாலு வருஷத்தில் ரெண்டு விலைக்கும் நடுவில் பெரிய பள்ளம் விழுந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் நம்ம ஆட்கள் செய்ததுதான்: பெட்ரோல் எஞ்சினை இறக்கி ஓரமாகப் போட்டுட்டு, வேறொரு வண்டியிலிருந்து கழட்டின டீசல் எஞ்சினை ஏற்றுவது. ஜீப்புக்கு மட்டுமில்லை, அம்பாசிடருக்கும் இதே கதைதான். எஞ்சின் எங்கிருந்து வருகிறது? உடைப்புக் கடையிலிருந்து. அது எத்தனை கை மாறி வந்தது, எத்தனை தடவை பிரிச்சுக் கோர்த்தது என்று யாருக்கும் தெரியாது.

பட்டறையில் இந்த வேலையைப் பார்த்தால் அசந்துபோவீங்க. மவுண்டிங்கைப் புதுசாக வெல்டு பண்ணுவார்கள். கியர்பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தகடு கடைந்து பொருத்துவார்கள். ரேடியேட்டர் மாறும், சைலன்ஸர் மாறும், செல்ஃப் மாறும். இவ்வளவும் செய்துவிட்டு டேஷ்போர்டில் கையே வைக்க மாட்டார்கள். அங்கே ஏற்கெனவே இருக்கிற மீட்டரில் பாதி செத்துப்போய்க் கிடக்கும். ஆர்.பி.எம். மீட்டர் பழைய ஜீப்பில் கம்பெனியிலிருந்தே வராது. ஆசைப்பட்டு ஒருத்தர் கடையில் வட்டமாகப் பளபளன்னு ஒரு மீட்டர் வாங்கி வந்து மாட்டுவார். முள் பூஜ்யத்திலேயே படுத்துக்கிடக்கும். "டீசலுக்கு அது வேலை செய்யாது" என்று சொல்லி அப்படியே விட்டுவிடுவார்கள்.

டீசலுக்கு வேலை செய்யாது என்பது பாதிதான் உண்மை. கடையில் கிடைக்கிற சாதா மீட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கானது. பெட்ரோல் எஞ்சினில் பிளக் பொறி விடுகிற ஒவ்வொரு தடவையும் இக்னிஷன் காயிலில் ஒரு துடிப்பு வரும். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் ரெண்டு துடிப்பு. மீட்டர் அந்தத் துடிப்பை எண்ணித்தான் முள்ளை நகர்த்துகிறது. டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது, காயில் கிடையாது. காற்றை அழுத்துகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. துடிப்பு எங்கிருந்து வரும்? எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் முள் படுத்துக்கிடக்கிறது. அது மீட்டரின் குத்தம் இல்லை. அதுக்குச் சரியான துடிப்பை நாம கொடுக்கலை, அவ்வளவுதான். அதை எங்கிருந்து எடுக்கிறது என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லணும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பழைய சி.ஜே.3பி ஜீப்பின் அச்சு விகிதம் 5.38. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, டாப் கியரில் எஞ்சின் 5.38 சுற்று சுற்றணும். 6.00-16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் உருளும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிஷத்துக்கு 1000 மீட்டர். சக்கரம் சுமார் 455 சுற்று, எஞ்சின் சுமார் 2450. சரி. இப்போ 80-ல் போவோம். எஞ்சின் சுமார் 3260.

அந்தப் பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு இது ஒன்றுமே இல்லை. அதன் முழு சக்தி வருவதே 4000-ல்தான். ஆனால் அதை எடுத்துவிட்டு மஹிந்திராவின் 2523 சி.சி. டி.ஐ. டீசல் எஞ்சினை ஏற்றினால், அதன் முழு சக்தி 3200-ல் வருகிறது. அதுக்கு மேலே போக அந்த எஞ்சினுக்கு ஒரு வேலையும் இல்லை. தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம் சந்தைக்கு நல்ல ரோட்டில் 80-ல் போகிற டிரைவர், தான் நிதானமாகப் போகிறோம் என்றுதான் நினைப்பார். ஸ்பீடோமீட்டரும் அதையேதான் சொல்லும். கீழே எஞ்சின் தன் எல்லையில் நின்று கத்திக்கொண்டிருக்கும். வண்டி அதே வண்டி, ரோடு அதே ரோடு, 80 அதே 80. எல்லை மட்டும் 4000-லிருந்து 3200-க்கு இறங்கிவிட்டது. அதைச் சொல்லக்கூடிய ஒரே கருவி டேஷ்போர்டில் இல்லை.

இது சமதளத்தில். இறக்கம் இன்னும் மோசம். புளியரைக்கு மேலே ஆரியங்காவு கணவாயிலிருந்து நம்ம பக்கம் இறங்குகிற வளைவுகளை, சீசனுக்கு வந்து கேரளா வரைக்கும் போய்த் திரும்பியவர்கள் பார்த்திருப்பீர்கள். லோடு ஏற்றின வண்டி பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காது. அதனால் கியரைக் குறைத்து, எஞ்சினையே பிரேக்காக வைத்து இறங்குவார்கள். பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் காற்று வருகிற வழி அடைபடும், அதனால் நன்றாக இழுத்துப் பிடிக்கும். பழைய டீசல் எஞ்சினில் காற்று வழியை அடைக்கிற தகடே கிடையாது. பிடிப்பு குறைவு. பெட்ரோல் ஜீப்பில் மூணாவதில் இறங்கிப் பழகினவர், இதில் பிடிக்கவில்லையே என்று ரெண்டாவதுக்கு வருவார். பின்னாலிருந்து தேங்காய் லோடு தள்ளும். எஞ்சின் சுற்று ஏறிக்கொண்டே போகும்.

இங்கே ஒரு விஷயத்தை எல்லாரும் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். "கவர்னர் இருக்குல்லா, அது பாத்துக்கிடும்" என்பார்கள். கவர்னரால் டீசலை நிறுத்தத்தான் முடியும். சக்கரம் எஞ்சினைச் சுற்றும்போது, டீசலே போகாவிட்டாலும் எஞ்சின் சுற்றத்தான் செய்யும். எல்லை தாண்டின வேகத்தில் வால்வு ஸ்பிரிங்கால் வால்வை நேரத்துக்கு மூட முடியாது. டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ரொம்பக் கொஞ்சம். பிஸ்டன் வந்து வால்வில் இடித்தால் முடிந்தது. வளைவில், லோடோடு, எஞ்சின் பிடிப்பும் போன வண்டியில் உட்கார்ந்திருக்கிறவர் என்ன செய்வார் என்று நினைத்துப் பாருங்க. ரிப்பேர் செலவு அப்புறம் பேசுகிற விஷயம்.

மேலே போவது மட்டும் கெடுதல் இல்லை, கீழே கிடப்பதும் கெடுதல்தான். "டீசல் மிச்சம்" என்று டாப் கியரிலேயே லோடு இழுப்பார்கள். எஞ்சின் முக்கிக்கொண்டு, வண்டியே அதிர்ந்து, கரும்புகை தள்ளும். சுற்று குறைவாக இருக்கும்போது ஆயில் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும், தண்ணி பம்பும் அப்படித்தான். பேரிங்குக்குச் சுமை அதிகம், ஆயில் அழுத்தம் குறைவு, சூடு அதிகம். லாரிகளில் ஆர்.பி.எம். மீட்டரில் ஒரு பச்சைப் பட்டை இருக்கும். அதுக்குள்ளே முள்ளை வைத்து ஓட்டு என்றுதான் டிரைவருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். மிச்சம் பிடிக்கிறதும் எஞ்சினைக் காப்பாற்றுகிறதும் ஒரே பட்டைக்குள்ளேதான் இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னால் பட்டறையில் ஒரே பதில்தான் வரும். எங்களுக்குப் பல வருஷமாக வேலை பார்க்கிற மெக்கானிக் அண்ணாச்சி சொல்வார்: "காது இருக்கும்போது மீட்டரு எதுக்குவே?"

அவர் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் காது அப்படி. வண்டி தெருமுனை திரும்பும்போதே எந்த நாசில் தட்டுகிறது, எந்த டேப்பெட்டில் இடைவெளி கூடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். எந்த மீட்டரும் அதைச் சொல்லாது. ஆனால் அந்தக் காது அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. தோப்பில் ஜீப் ஓட்டுகிறவன் இருபத்திரண்டு வயசுப் பையன். போன மாசம் வரைக்கும் டாடா ஏஸ் ஓட்டினவன், அடுத்த மாசம் டிராக்டருக்குப் போவான். எந்த எஞ்சின் எந்தச் சத்தத்தில் நோகிறது என்று அவன் காது பழகுகிறதுக்குள்ளே எஞ்சின் பழகிவிடும், கெட்ட பழக்கமாக.

அதோடு காது எதை வைத்து அளக்கிறது? முந்தின சத்தத்தை வைத்துத்தான். எஞ்சின் மாறிய வண்டியில் முந்தின சத்தமே கிடையாது. எஞ்சின் வேற, மவுண்டிங் வேற, சைலன்ஸர் வேற. சைலன்ஸரில் ஒரு ஓட்டை விழுந்தால் 2000 கூட 3000 மாதிரிக் கேட்கும். இன்னொரு விஷயம் நம்ம ஊருக்கே உரியது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று உங்களுக்குச் சாரல், சுகம். மேல்கூரை இல்லாத ஜீப்பில் எதிர்காற்றில் போகிறவருக்குத் தன் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதே கேட்காது. எஞ்சின் எங்கே கேட்கும்?

எல்லாத்துக்கும் மேலே, எண்ணைக் கைமாற்றிக் கொடுக்கலாம், சத்தத்தை முடியாது. "2800-க்கு மேலே போகாதே தம்பி" என்று ஒரு பையனிடம் சொல்ல முடியும். "சத்தம் ஒரு மாதிரி வரும், அதுக்கு முன்னாடியே நிப்பாட்டு" என்று சொல்லிப் பாருங்க. தலையாட்டுவான். ஒன்றும் புரிந்திருக்காது. ராத்திரி பத்து மணிக்கு மலையடிவாரத்திலிருந்து போன் பண்ணி, "ஸ்லோவில் 500-தான் காட்டுது, அணைஞ்சு அணைஞ்சு போகுது" என்று சொன்னால் மெக்கானிக் வீட்டில் இருந்தபடியே பாதி வைத்தியம் சொல்லலாம். "என்னமோ போல ஓடுது" என்றால் அவர் வந்துதான் ஆகணும்.

சரி, முள்ளை ஆட வைப்பது எப்படி? ராக்கெட் விடுகிற வேலை இல்லை.

நம்ம பட்டறையில் டைனமோ என்றே சொல்கிற ஆல்டர்னேட்டர் இருக்கிறதே, அதுதான் சுலபமான வழி. அதுக்குள்ளே முதலில் உண்டாவது மாறுமின்சாரம். டயோடு வழியாக வந்த பிறகுதான் அது பேட்டரிக்கு ஏற்ற நேர்மின்சாரம் ஆகிறது. டயோடுக்கு முன்னாலேயே ஒரு ஒயரை வெளியே எடுத்தால், ஆல்டர்னேட்டர் சுற்றுகிற வேகத்துக்கு ஏற்ற துடிப்பு அதில் வரும். டீசல் வண்டிக்கான ஆல்டர்னேட்டர் பலவற்றில் இதுக்கென்றே 'டபிள்யூ' என்று எழுதின முனை பின்னால் இருக்கும். இல்லை என்றால் நல்ல ஒயரிங் கடைக்காரர் பிரித்து, உள்சுற்றின் ஒரு முனையில் ஒயர் வைத்துப் பற்றவைத்து, ஒரு சின்ன ஃப்யூஸும் போட்டு வெளியே எடுத்துக் கொடுப்பார்.

இங்கேயும் கணக்கு உண்டு. பன்னிரண்டு துருவம் உள்ள ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு ஆறு துடிப்பு கொடுக்கும். கிராங்க் புல்லி ஆல்டர்னேட்டர் புல்லியைப் போல் ரெண்டு மடங்கு பெரிசு என்றால், எஞ்சின் ஒரு சுற்று சுற்றும்போது ஆல்டர்னேட்டர் ரெண்டு சுற்று. ஆக ஒரு எஞ்சின் சுற்றுக்கு 12 துடிப்பு. பெட்ரோல் மீட்டர் எதிர்பார்ப்பதோ 2. அந்த மீட்டரை அப்படியே இதில் கொடுத்தால் ஆறு மடங்கு காட்டும். ஸ்லோவில் 750-ல் ஓடுகிற எஞ்சினுக்கு 4500 என்பான்! அதனால் வாங்கும்போதே டீசலுக்கானதா, பின்னால் திருத்துகிற ஸ்க்ரூவோ, துடிப்பு எண்ணிக்கையை மாற்றுகிற வசதியோ இருக்கிறதா என்று கேட்டு வாங்கணும்.

மாட்டினதும் சரிபார்க்கணும். கிராங்க் புல்லியில் ஒளி பட்டுத் திரும்புகிற ஸ்டிக்கர் துண்டு ஒட்டி, கையில் பிடிக்கிற ஆர்.பி.எம். கருவியின் வெளிச்சத்தை அதில் காட்டினால் உண்மையான சுற்று தெரியும். அந்த எண்ணும் டேஷ்போர்டு முள்ளும் ஒன்றாகும்வரை ஸ்க்ரூவைத் திருப்பணும். ஸ்லோவில் ஒரு தடவை, 2000-ல் ஒரு தடவை. ரெண்டு இடத்திலும் ஒத்துப்போனால்தான் கணக்கு. அதற்குப் பிறகு கண்ணாடி மேலே ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டை இப்போ உள்ளே இருக்கிற எஞ்சினின் புத்தகத்தைப் பார்த்துப் போடணும், வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து அல்ல.

இதிலும் ஒரு குறை உண்டு. பெல்ட் வழுக்கினால் ஆல்டர்னேட்டர் மெதுவாகும், முள் குறைத்துக் காட்டும். சாரல் நேரத்தில் பெல்ட் நனைவதும், முனையில் பாசம் பிடிப்பதும் இங்கே சகஜம். அதனால் மழையிலேயே கிடக்கிற வண்டிக்கு, ஃப்ளைவீல் பல்லுக்கு எதிரே ஒரு காந்த சென்சார் வைப்பது மேல். பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது ஒரு துடிப்பு. பெல்ட்டை நம்பத் தேவையில்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் பிரிந்து கிடக்கும்போதே ஓட்டை போட்டுவிட்டால் வேலை சுலபம். அதனால்தான் சொல்கிறேன், இது எஞ்சின் மாற்றும்போதே சேர்த்துச் செய்ய வேண்டிய வேலை. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பின்னால் ஒருநாளும் வராது.

முள் ஆட ஆரம்பித்தால் என்ன தெரியும் என்பதற்கு எங்க தோப்பு ஜீப்பே சாட்சி. கைமாறி வந்த வண்டி, டி.ஐ. எஞ்சின் ஏற்றினது. மீட்டர் சரிபார்த்த அன்றைக்கு நியூட்ரலில் வைத்து மெதுவாக மிதித்துப் பார்த்தோம். லோடு இல்லாமல் முழுசாக மிதித்தால், 3200-க்குக் கொஞ்சம் மேலே போய்க் கவர்னர் பிடித்து நிறுத்தணும். முள் 4000-ஐத் தாண்டியது, அண்ணாச்சி காலை எடுத்துவிட்டார். பம்பைப் பார்த்தால் உச்ச வேக ஸ்க்ரூவின் ஈய சீல் இல்லை. "இழுவை கூட வேணும்" என்று எவரோ எப்போதோ திருப்பிவிட்டிருக்கிறார். அந்த வண்டியை அந்தக் காதுக்காரர் பல தடவை ஓட்டிப் பார்த்து, நல்லா இருக்கு என்று சொல்லியிருந்தார். அவர் குத்தம் இல்லை. லோடு இல்லாமல் முழுசாக மிதித்துப் பார்க்க யாருக்கும் தைரியம் வராது. புகைச் சோதனைக்குப் போனால் மட்டும் அப்படித்தான் மிதிப்பார்கள். டீசல் வண்டிக்கு அந்தச் சோதனையின் முறையே அதுதான். சோதனைக்கூடத்தில் எஞ்சின் சிதறியிருந்தால் யாரை நோக?

பம்பைக் கழட்டி டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் பெஞ்சில் வைத்துத் திருத்தி சீல் வைத்தாச்சு. அந்தப் பையன் இப்போதும் அதே ஜீப்பைத்தான் ஓட்டுகிறான்.

ஜீப்போடு இது நிற்கவில்லை. கிணற்று ஆயில் எஞ்சினுக்கும் இதே கதைதான். பழைய லிஸ்டர் வகைக் கனத்த எஞ்சின் 650 சுற்றில் ஓடும். அது போனதும் 1500 சுற்றில் ஓடுகிற 5 ஹெச்.பி. எஞ்சினை வைப்பார்கள். புல்லியைக் கண் மதிப்பில் மாற்றுவார்கள். பம்பு பத்து சதவீதம் வேகமாகச் சுற்றினால் தண்ணி பத்து சதவீதம்தான் கூடும், ஆனால் அதுக்கு வேண்டிய சக்தி 33 சதவீதம் கூடும். டீசல் ஏன் இப்படிக் குடிக்கிறது என்று எஞ்சினைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். இதுக்கு மீட்டர் மாட்டக்கூட வேண்டாம், கைக்கருவியால் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். ஜெனரேட்டரும் அப்படித்தான். நாலு துருவ ஜெனரேட்டர் 1500 சுற்றில் ஓடினால்தான் 50 சைக்கிள் கரண்ட். 1350-ல் ஓடினால் 45. மோட்டார் ஏன் சூடாகிறது என்று அப்போது தெரியும்.

டிராக்டரில் பி.டி.ஓ. தண்டு 540 சுற்றுக்கு என்று வகுத்தது. அந்த 540 எஞ்சினின் எந்தச் சுற்றில் வரும் என்று மீட்டரிலேயே குறித்திருப்பார்கள். முள் செத்த டிராக்டரில் ரொட்டவேட்டரும் கதிரடிக்கிற மெஷினும் எந்த வேகத்தில் சுற்றுகின்றன என்று யாருக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்கிற ஆளுக்கும் தெரியாது. இன்னொன்று, கேபிளில் ஓடுகிற பழைய மீட்டரில் மணிக்கணக்கும் எஞ்சின் சுற்றை வைத்துத்தான் ஏறும். எஞ்சின் மாறி, கேபிள் விகிதம் மாறவில்லை என்றால் மணியும் பொய்யாகும். மணிக்கு இவ்வளவு என்று உழவுக்கு வாடகை கொடுக்கிற ஏழைச் சம்சாரிக்கு அது காசு.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவுப்படி, எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி முதலில் வேணும், மாற்றம் ஆர்.சி.யிலும் ஏறணும். மீட்டர் மாட்டினால் அனுமதியில்லாத மாற்றம் சட்டப்படி ஆகிவிடாது. அது தனிக் கடன், அதையும் தீர்த்துத்தான் ஆகணும். நான் சொல்வது, ஓடிக்கொண்டிருக்கிற வண்டி குருட்டுத்தனமாக ஓடக்கூடாது என்பதைத்தான்.

"மீட்டரும் கெட்டுப்போகும்லா?" என்று ஒரு கேள்வி வரும். கெட்டுப்போகும். அதனால்தான் காதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முள் ஒன்று சொல்லி, காது இன்னொன்று சொன்னால், அன்றைக்கு வண்டியை நிறுத்திப் பார்க்கிறதுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. காது மட்டும் இருந்தால் அந்தச் சண்டையே வராது.

பட்டறைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மவுண்டிங் வெல்டு பண்ணுகிற அதே அக்கறையோடு இந்த ஒரு ஒயரையும் இழுத்து, சரிபார்த்து, சிவப்புக் கோடு போட்டுக் கொடுங்க. எஞ்சின் மாத்துகிற செலவில் இது ஒரு ஓரம்கூட வராது. வேளாண் பொறியியல் துறை நடத்துகிற முகாம்களிலும் ஐ.டி.ஐ. வகுப்பிலும் இதைக் கையில் பிடித்துச் செய்துகாட்டினால், அடுத்த தலைமுறைப் பட்டறைப் பையன்களுக்குப் பழகிவிடும்.

நகரத்து நண்பர்களுக்கு: பண்ணை வீட்டுக்கு என்று பழைய ஜீப் தேடுகிறவர்கள் இப்போது அதிகம். பெயின்ட்டைப் பார்க்கிறீங்க, டயரைப் பார்க்கிறீங்க. அடுத்த தடவை மூணு எண் கேளுங்க. ஸ்லோவில் எவ்வளவு, லோடு இல்லாமல் உச்சத்தில் எவ்வளவு, இந்த எஞ்சினுக்குச் சிவப்புக் கோடு எங்கே. விற்கிறவர் மூணையும் முள்ளில் காட்டினால் மேற்கொண்டு விலை பேசுங்க. "அதெல்லாம் சத்தத்திலேயே தெரியும் சார்" என்றால், விலையில் ஒரு எஞ்சின் வேலைக்கான காசைக் கழித்துவிட்டுப் பேசுங்க.